ஜன்னலோரப் பயணியை எதிர் ரயில் கடக்க 16 வினாடியா, 8.8 வினாடியா?

தேர்வுப்பறவை | திங்கள், இரவு 10:12

இரண்டு நாளாக ஒரே கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். யாராவது தீர்த்து வையுங்கள்.

"180 மீட்டர் நீளமுள்ள ரயில் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் செல்கிறது. எதிர்த்திசையில் 220 மீட்டர் நீளமுள்ள இன்னொரு ரயில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வருகிறது. முதல் ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் பயணியை இரண்டாவது ரயில் கடந்து செல்ல எத்தனை வினாடி ஆகும்?"

அ) 7.2  ஆ) 8.8  இ) 16  ஈ) 22

கையேட்டின் விடைக்குறிப்பில் 16 என்று இருக்கிறது. எனக்கு 8.8 வருகிறது. நான்கு முறை போட்டுப் பார்த்துவிட்டேன், நான்கு முறையும் 8.8 தான். குரூப் 4, ரயில்வே இரண்டுக்கும் சேர்த்துப் படிக்கிறேன். பொதுத்தமிழில் பயமில்லை. திறனறிவுப் பகுதியின் 25 கேள்விகளை நினைத்தால்தான் தூக்கம் போய்விடுகிறது, அதிலும் இந்த ரயில் கணக்கு.

---

குறுக்குவழிக்காரன் | திங்கள், இரவு 10:31

விடை 16. சந்தேகமே வேண்டாம். இரண்டு ரயில் எதிரெதிரே வந்தால் நீளங்களைக் கூட்டு, வேகங்களைக் கூட்டு, வகு. 180 + 220 = 400. மணிக்கு 90 கி.மீ. என்றால் வினாடிக்கு 25 மீட்டர். 400 / 25 = 16. பத்து வினாடி வேலை.

ரயில்வேயின் என்.டி.பி.சி. (தொழில்நுட்பம் சாராத பணிகளுக்கான) முதல் கட்டத் தேர்வில் 90 நிமிடத்துக்கு 100 கேள்வி. ஒரு கேள்விக்கு 54 வினாடிதான். அங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவன் வேலைக்குப் போய்விடுவான்.

---

தாமிரபரணிக்கரை | திங்கள், இரவு 10:40

எங்கள் பயிற்சி வகுப்பிலும் இதே சூத்திரம்தான். ஆனால் கேள்வியில் பயணி எதற்காக வருகிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. சும்மா வேடிக்கை பார்க்கவா?

---

கரும்பலகை | திங்கள், இரவு 11:05

தாமிரபரணிக்கரை, நீங்கள் கேட்டதில்தான் விடை இருக்கிறது.

பயணிக்கு நீளம் கிடையாது. கணக்கைப் பொறுத்தவரை அவர் ஒரு புள்ளி, தண்டவாள ஓரத்தில் நிற்கும் கம்பம் மாதிரி. ஒரே வித்தியாசம், இந்தக் கம்பமும் நகர்கிறது. எதிர் ரயிலின் முகம் அவருடைய ஜன்னலுக்கு நேரே வரும்போது கடிகாரத்தை ஓடவிடுங்கள். அதன் வால் ஜன்னலைத் தாண்டும்போது நிறுத்துங்கள். அந்த இடைவெளியில் ஜன்னல் வழியே ஓடியது 220 மீட்டர் ரயில். ஓடிய வேகம் 15 + 10 = வினாடிக்கு 25 மீட்டர். 220 / 25 = 8.8. தேர்வுப்பறவை, உங்கள் விடைதான் சரி. கையேட்டில் இருப்பது பிழை.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தவறான விடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எழுத மாட்டார்கள். மாணவர் எங்கே வழுக்குவார் என்று பார்த்து, அங்கெல்லாம் ஒரு பள்ளம் தோண்டி வைப்பார்கள். 7.2 எப்படி வந்தது? பயணியின் சொந்த ரயில் நீளமான 180ஐ 25ஆல் வகுத்தால் வரும். 22? பயணி நகர்கிறார் என்பதை மறந்து, 220ஐ வெறும் 10ஆல் வகுத்தவருக்கு. 16? சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு. இங்கே கையேடு எழுதியவரே மூன்றாவது பள்ளத்தில் விழுந்துவிட்டார், அவ்வளவுதான்.

---

குறுக்குவழிக்காரன் | திங்கள், இரவு 11:19

சார், மதிக்கிறேன். ஆனால் பயணி ரயிலுக்குள்தானே இருக்கிறார்? அந்த ரயிலுக்கு 180 மீட்டர் நீளம் இருக்கிறதே? அவர் முதல் பெட்டியில் இருக்கிறாரா, கடைசிப் பெட்டியில் இருக்கிறாரா என்று கேள்வியில் சொல்லவில்லை. கடைசிப் பெட்டியில் இருந்தால் எதிர் ரயில் அவரிடம் வந்து சேரவே நேரம் ஆகுமே. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

---

கடைசிப்பெட்டி | செவ்வாய், காலை 5:48

கடைசிப் பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்ததால் நான் வாய் திறக்க வேண்டியதாகிறது. நான் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. 2022இல் கார்டு என்ற பெயரை மாற்றி ட்ரெயின் மேனேஜர் ஆக்கினார்கள், அதற்கு முன்பே நான் கொடியை மடித்து வைத்துவிட்டேன். என் வேலைக்காலம் முழுக்க ரயிலின் வாலில்தான் கழிந்தது.

தம்பி குறுக்குவழிக்காரன் நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறார். அவருக்கு அவர் கணக்கையே திருப்பித் தருகிறேன்.

அந்த 180 மீட்டர் ரயிலின் கடைசியில், பிரேக் வேனில் நான் நிற்கிறேன் என்று வையுங்கள். முன்னால் எங்கள் இன்ஜினும் எதிர் ரயிலின் இன்ஜினும் முகத்துக்கு முகம் சந்திக்கின்றன. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்துத் தண்டவாளம் காலியாகத்தான் கிடக்கும். எதிர் இன்ஜின் எங்கள் ரயிலின் 180 மீட்டரையும் உரசிக்கொண்டு என்னிடம் வந்து சேர 180 / 25 = 7.2 வினாடி. பிறகு தடதடவென்று அதன் பெட்டிகள் என் முன்னால் ஓடும், 220 / 25 = 8.8 வினாடி. அதன் கார்டும் நானும் கையசைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் இரண்டு வால்களும் பிரிகின்றன.

7.2ஐயும் 8.8ஐயும் கூட்டிப் பாருங்கள். 16.

ஆக, 16 என்பது பொய் இல்லை. அது இரண்டு *ரயில்கள்* ஒன்றையொன்று கடக்கும் நேரம், முகம் சந்தித்ததிலிருந்து வால் பிரியும்வரை. ஆனால் என்னை, அதாவது ஜன்னலில் நிற்கும் ஓர் ஆளை, கடந்தது 8.8தான். முதல் 7.2 வினாடி எனக்குக் காத்திருப்பு. காத்திருப்பதைக் கடப்பது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் பெட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே 8.8தான், சற்று முன்னதாகத் தொடங்கி முன்னதாக முடிந்துவிடும்.

---

தாமிரபரணிக்கரை | செவ்வாய், காலை 7:02

ஐயா, 7.2 + 8.8 = 16! நேற்று இரவு நான்கு விடைகளையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தும் இது கண்ணில் படவில்லையே.

---

குறுக்குவழிக்காரன் | செவ்வாய், காலை 7:30

ஒத்துக்கொள்கிறேன். 8.8தான். கோபமில்லை, கொஞ்சம் வெட்கம்தான்.

---

ஐயந்திரிபற | செவ்வாய், காலை 9:15

ஒரு சின்ன இடையீடு. கேள்வியில் "பயணியை இரண்டாவது ரயில் கடந்து செல்ல" என்று தெளிவாக இருப்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் பல தமிழ்க் கேள்வித்தாள்களில் "ஒன்றையொன்று கடக்க", "அதைக் கடக்க", "தாண்ட" என்று கலந்துகட்டி எழுதிவிடுகிறார்கள். எது எதை, எங்கிருந்து எதுவரை என்று எழுவாயையும் செயப்படுபொருளையும் தேடுவதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. இது கணக்குப் பிரச்சினை இல்லை, இலக்கணப் பிரச்சினை.

---

தேர்வுப்பறவை | செவ்வாய், மாலை 6:20

அனைவருக்கும் நன்றி. கார்டு ஐயா, உங்கள் பதிலை நோட்டில் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

தம்பியின் பெட்டியிலிருந்து அடிக்கோல் ஒன்றும் பென்சில் ஒன்றும் எடுத்து மேசையில் எதிரெதிரே தள்ளிப் பார்த்தேன். பென்சிலின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி, அதுதான் பயணி. அந்தப் புள்ளியைத் தாண்டுவது அடிக்கோலின் நீளம் மட்டும்தான் என்று கண்ணாலேயே தெரிகிறது. அம்மா வந்து "படிக்கிறாயா, விளையாடுகிறாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்னொன்று கேட்கலாமா? "ஒரு ரயில் மின்கம்பத்தை 9 வினாடியிலும், 270 மீட்டர் நீள நடைமேடையை 24 வினாடியிலும் கடக்கிறது. ரயிலின் நீளம், வேகம் என்ன?" இதற்கு எக்ஸ், ஒய் என்று இரண்டு சமன்பாடு எழுதித்தான் போட்டேன். விடை வந்தது, ஆனால் மூன்று நிமிடம் ஆனது.

---

கரும்பலகை | செவ்வாய், இரவு 8:44

அடிக்கோலையும் பென்சிலையும் விட நல்ல ஆசிரியர் இல்லை. நான் வகுப்பில் டஸ்டரை வைத்துக் காட்டுவேன்.

எக்ஸும் ஒய்யும் வேண்டாம். கம்பத்தைக் கடக்கும்போது ரயில் தன் நீளத்தை மட்டும் ஓடுகிறது. நடைமேடையைக் கடக்கும்போது தன் நீளத்தோடு 270 மீட்டரையும் சேர்த்து ஓடுகிறது. அப்படியானால் கூடுதலாக ஆன 15 வினாடி எதற்கு? அந்த 270 மீட்டருக்கு மட்டும்தான். 270 / 15 = வினாடிக்கு 18 மீட்டர். வேகம் கிடைத்துவிட்டது. 9 வினாடியில் 18 × 9 = 162 மீட்டர், அதுதான் ரயில். மணிக்கு எத்தனை கி.மீ. என்றால் 18 × 18 / 5 = 64.8.

மாற்றும்போது 5/18ஆ, 18/5ஆ என்று குழம்புகிறவர்களுக்கு: ஒரே வேகத்தை எழுதும்போது மணிக்கு இத்தனை கி.மீ. என்பது பெரிய எண்ணாகவும், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்பது சிறிய எண்ணாகவும்தான் இருக்கும். சிறிதாக வேண்டுமானால் 5/18, பெரிதாக வேண்டுமானால் 18/5. 18, 36, 54, 72, 90, 108 என்பவை 5, 10, 15, 20, 25, 30 ஆகும். இந்த ஆறும் நாக்கு நுனியில் இருந்தால் பெரும்பாலான கேள்விகளுக்குப் பெருக்கவே வேண்டாம்.

---

கடைசிப்பெட்டி | புதன், காலை 5:55

நடைமேடைக் கணக்கு நிஜத்தில் எங்கே வருகிறது என்று சொல்கிறேன், பிறகு உங்களுக்கு மறக்காது.

தண்டவாளத்தில் பராமரிப்பு வேலை நடக்கும் இடத்தில் வேகக் கட்டுப்பாடு போடுவார்கள். மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது போல. ஓட்டுநருக்கு முன்கூட்டியே காஷன் ஆர்டர் என்று தாள் கொடுத்துவிடுவார்கள். அந்த இடம் 200 மீட்டர் என்றால், இன்ஜின் 200 மீட்டரைத் தாண்டியதும் வேகத்தைக் கூட்டிவிடலாமா? கூடாது. பின்னால் என் பெட்டி இன்னும் அந்தப் பலவீனமான தண்டவாளத்தின் மேல் நிற்கிறதே!

ஆனால் இன்ஜினில் இருப்பவர் வாலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்ட முடியாது. அதனால் கட்டுப்பாடு முடியும் இடத்துக்கு அப்பால், ஒரு ரயில் நீளம் தள்ளி, மஞ்சள் வட்டப் பலகை வைத்திருப்பார்கள். ஒன்றில் "டி/பி", இன்னும் தள்ளி இன்னொன்றில் "டி/ஜி". முதலாவது பயணிகள் ரயிலுக்கு, இரண்டாவது சரக்கு ரயிலுக்கு. சரக்கு ரயில் நீளமானது, அதனால் அதன் பலகை தொலைவில். அடுத்த முறை போகும்போது ஜன்னல் வழியே பாருங்கள். நடைமேடை நீளம், கூட்டல் ரயில் நீளம். உங்கள் கையேட்டுச் சூத்திரத்தைத்தான் மஞ்சள் பெயின்ட் அடித்துக் கம்பத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய எக்ஸ் குறியும், எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள், கடைசி வண்டி) என்ற பலகையும் பார்த்திருப்பீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், நிலைய அதிகாரி வெளியே வந்து நின்று அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரயில் முழுதாக வந்துவிட்டது என்று ஏற்றுக்கொள்வார். இன்ஜின் வந்துவிட்டது என்பதற்காக ரயில் வந்துவிட்டதாக ஆகாது. நடுவில் எங்காவது இணைப்பு விட்டுப்போய் பாதி ரயில் பின்னால் நின்றிருக்கலாம் அல்லவா?

---

ஐயந்திரிபற | புதன், காலை 10:08

அப்படியானால் இதையும் கேட்டுவிடுகிறேன். "ரயில் பாலத்தைக் கடக்க ஆகும் நேரம்" வேறு, "ரயில் முழுவதும் பாலத்தின் மேல் இருக்கும் நேரம்" வேறு. இரண்டாவதைக் கேட்டால் நீளங்களைக் கழிக்க வேண்டும், கூட்டக்கூடாது. இதைச் சொல்லித்தரும் கையேடுகள் குறைவு.

---

கடைசிப்பெட்டி | புதன், மாலை 5:30

சரியாகச் சொன்னீர்கள். நம் ஊர்ப் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். பாம்பன் பழைய பாலம் 1914இல் திறந்தது. அதன் மேல் போனது ரயில் பயணமே அல்ல, கடலின் மேல் நடந்தது மாதிரி, அவ்வளவு மெதுவாகப் போவோம். புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தார்கள். நீளம் சுமார் 2.08 கி.மீ. நடுவில் செங்குத்தாக மேலெழும் பகுதி 72.5 மீட்டர்.

24 மீட்டர் வீதம் 22 பெட்டி, இன்ஜினையும் சேர்த்தால் ரயில் ஏறக்குறைய 550 மீட்டர். மணிக்கு 45 கி.மீ., அதாவது வினாடிக்கு 12.5 மீட்டர் என்று சீராகப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பாலத்தில் ஏறியதிலிருந்து என் பெட்டி இறங்கும்வரை 2080 + 550 = 2630 மீட்டர். 12.5ஆல் வகுத்தால் 210.4 வினாடி. ரயில் முழுவதும் தண்ணீருக்கு மேலேயே இருக்கும் நேரம், அதாவது என் பெட்டி ஏறியதிலிருந்து இன்ஜின் இறங்கும்வரை, 2080 − 550 = 1530 மீட்டர், 122.4 வினாடி. ஒன்றரை நிமிடம் வித்தியாசம்.

---

குறுக்குவழிக்காரன் | புதன், இரவு 9:50

எல்லோரும் சேர்ந்து என் பெயரைக் கெடுத்துவிட்டீர்கள். ஒரே ஒரு இடத்திலாவது குறுக்குவழி ஜெயிக்கும் என்று காட்டிவிட்டுப் போகிறேன்.

"இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் எதிரெதிரே புறப்படுகின்றன. சந்தித்த பிறகு, முதல் ரயில் 4 மணி நேரத்திலும் இரண்டாவது ரயில் 9 மணி நேரத்திலும் சேரவேண்டிய ஊரை அடைகின்றன. முதல் ரயிலின் வேகம் மணிக்கு 60 கி.மீ. என்றால் இரண்டாவதன் வேகம் என்ன?"

வேகங்களின் விகிதம் = √9 : √4 = 3 : 2. ஆகவே 40. முடிந்தது. இதை அடிக்கோலும் பென்சிலும் வைத்து 54 வினாடியில் போடுங்கள் பார்ப்போம்.

---

கரும்பலகை | புதன், இரவு 10:36

போட முடியாது. இந்தச் சுற்று உங்களுடையது. இதை மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று நானே மாணவர்களிடம் சொல்வேன்.

எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சந்திக்கும்வரை இரண்டும் ஓடிய நேரம் ஒன்றுதான். அதை *நே* என்போம். சந்திப்புக்கு முன் இரண்டாவது ரயில் *நே* மணி நேரம் ஓடிய தூரத்தைத்தான், முதல் ரயில் பிறகு 4 மணி நேரத்தில் முடிக்கிறது. முதல் ரயில் *நே* மணி நேரம் ஓடியதை இரண்டாவது 9 மணி நேரத்தில் முடிக்கிறது. முதலாவதன்படி வேக விகிதம் *நே* : 4, இரண்டாவதன்படி 9 : *நே*. இரண்டும் சமம் என்பதால் *நே* × *நே* = 36, *நே* = 6. வேக விகிதம் 6 : 4.

ஒரு எச்சரிக்கை. இரண்டும் *ஒரே நேரத்தில்* புறப்பட்டிருந்தால்தான் இது செல்லும். "இரண்டாவது ரயில் ஒரு மணி நேரம் கழித்துப் புறப்படுகிறது" என்று ஒரு வரியைச் செருகிவிட்டால் வர்க்கமூலம் படுத்துவிடும். ரயில்வே தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிப்பார்கள், நினைவிருக்கட்டும். குரூப் 4இல் அந்தக் கழிப்பு இல்லை.

---

தாமிரபரணிக்கரை | வியாழன், காலை 6:40

கார்டு ஐயா, பிரேக் வேனில் இருந்துகொண்டு ரயில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

---

கடைசிப்பெட்டி | வியாழன், காலை 8:15

காதால். முன்பெல்லாம் 13 மீட்டருக்கு ஒரு தண்டவாள இணைப்பு இருக்கும். சக்கரம் அதில் ஏறி இறங்கும்போது "டக்டக்" என்று ஒரு சத்தம். கடிகாரத்தைப் பார்த்து 47 வினாடி எண்ணுவோம். எத்தனை இணைப்பு வந்ததோ அத்தனை கி.மீ. வேகம். 60 எண்ணினால் மணிக்கு 60. எனக்கு மூத்த கார்டு ஒருவர் கற்றுக்கொடுத்தது. ஏன் 47 என்று கேட்டதற்கு, "எண்ணுடா, கேள்வி கேட்காதே" என்றார்.

இப்போது தண்டவாளங்களை நீளநீளமாகப் பற்றவைத்துவிட்டார்கள், சத்தம் அடங்கிவிட்டது. பயணிகளுக்கு நல்ல தூக்கம். கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக் கணக்குப் போடலாம். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 40 வினாடி என்றால் 3600 / 40 = மணிக்கு 90.

---

ஐயந்திரிபற | வியாழன், காலை 8:52

47 ஏன் என்று நான் சொல்கிறேன். ஒரு வினாடிக்கு ஓர் இணைப்பு என்றால் வேகம் வினாடிக்கு 13 மீட்டர். மணிக்கு 13 × 18 / 5 = 46.8 கி.மீ. அப்போது 46.8 வினாடியில் 46.8 இணைப்பு வரும், எண்ணிக்கையும் வேகமும் ஒன்றாகிவிடும். கடிகாரத்தில் தசமம் பார்க்க முடியாது, அதனால் 47. உங்கள் மூத்த கார்டுக்கு யாரோ ஒரு கணக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

---

கரும்பலகை | வியாழன், இரவு 9:10

தேர்வுப்பறவைக்கு ஒரு கணக்கு. யாரும் உதவக்கூடாது, குறிப்பாகக் குறுக்குவழிக்காரன்.

மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் 220 மீட்டர் ரயிலில் நீங்கள் ஜன்னலோரம் இருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்தில், *அதே திசையில்*, மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஒரு ரயில் உங்களை 18 வினாடியில் கடந்து போகிறது. அதன் நீளம் என்ன? அது உங்கள் ரயிலை முழுதாகக் கடக்க எவ்வளவு நேரம்?

---

தேர்வுப்பறவை | வியாழன், இரவு 9:32

ஒரே திசை என்பதால் வேகத்தைக் கழிக்கிறேன். 20 − 10 = வினாடிக்கு 10 மீட்டர். நான் புள்ளி, அதனால் 18 × 10 = 180 மீட்டர், அந்த ரயிலின் நீளம். முழுதாகக் கடக்க 180 + 220 = 400, பத்தால் வகுத்தால் 40 வினாடி.

முதலில் வேகத்தைக் கூட்டிவிட்டேன், 540 மீட்டர் வந்தது. எதிரில் வரவில்லை, பின்னாலிருந்து முந்துகிறது என்று அடிக்கோலைத் தள்ளிப் பார்த்த பிறகுதான் திருத்தினேன். கையேட்டில் 16க்குப் பக்கத்தில் பென்சிலால் 8.8 என்றும் எழுதிவிட்டேன்.

---

கரும்பலகை | வியாழன், இரவு 9:40

இரண்டும் சரி. அடுத்தது காலமும் வேலையும். புதிய இழை தொடங்குங்கள்.

---

குறுக்குவழிக்காரன் | வியாழன், இரவு 9:41

தேர்வு அறைக்குள் அடிக்கோலை விட மாட்டார்கள், தோழி. இரண்டு விரல் போதும், பழகிக்கொள்ளுங்கள்.